தோழனைப் புகழும்போது யாரைப் புகழ்கிறோம்?

அய்யா துணை



திருஏடு வாசிப்பின் நிறைவு நாளில் பல தாங்கல்களில் ஒரு பேச்சு எழுவதுண்டு. இத்தனை நாளும் ராகத்தோடு ஏடு வாசித்தவருக்கு ஒரு துண்டு போர்த்த வேண்டும் என்பார் ஒருவர். "புகழெல்லாம் அய்யாவுக்குத்தானே, மனுசனுக்கு எதுக்குத் துண்டு?" என்பார் இன்னொருவர். "பாடுபட்டவனை ஒரு வார்த்தை பாராட்டாவிட்டால் அடுத்த வருசம் எவன் வருவான்?" என்பார் மூன்றாமவர். மூவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அதனால்தான் இந்தப் பேச்சு வருசந்தோறும் எழுகிறது, வருசந்தோறும் முடியாமலே போகிறது.

துண்டு போர்த்துவது சின்ன விசயம். அதற்குள்ளே இருக்கும் கேள்வி பெரியது. ஒரு மனிதனிடம் பக்தியும் இருக்கிறது, திறமையும் இருக்கிறது. அவன் பாடினால் கேட்பவர் கண் கலங்குகிறது. அவன் வாகனம் சோடித்தால் பிள்ளைகள் ஓடி வந்து நிற்கிறார்கள். அவனைப் பார்த்து நான்கு பேர் பதிக்கு வருகிறார்கள். அந்தத் திறமை யாருடையது? அவனோடு கூடவே பல காலம் நிற்கும் தோழன் அதை எப்படிக் கொண்டாட வேண்டும்? அளவுக்கு மேல் புகழ்ந்தால் நண்பனுக்கு அகந்தை ஏறும். புகழாமலே இருந்தால் தன் மனதில் பொறாமை ஏறும். இரண்டுமே கலியின் வேலை. இந்த இரண்டுக்கும் நடுவில் வழி உண்டா என்பதே இங்கே எண்ணிப் பார்க்க வேண்டியது.

அரிகோபாலன் சீடர் காட்டிய வழி

இந்தக் கேள்விக்கு அய்யாவழியில் முதல் சாட்சி அரிகோபாலன் சீடர். தாமரைகுளத்தைச் சேர்ந்த அவர் அய்யா வைகுண்டரின் ஐந்து சீடர்களில் ஒருவர். தர்மர், வீமன், அர்ச்சுனன், நகுலன், சகாதேவன் என்று ஐவரையும் பஞ்சபாண்டவரின் பெயரால் அழைப்பது வழக்கம். அதில் சகாதேவன் சீடர் அவரே. கொல்லம் ஆண்டு 1016 கார்த்திகை மாதம் 27ஆம் தேதி, வெள்ளிக்கிழமை, உறக்கத்தில் இருந்த அவரை எழுப்பி அய்யா சொல்ல, அவர் எழுதியதே அகிலத்திரட்டு அம்மானை. விருத்தமும் நடையுமாக 15,000க்கும் மேற்பட்ட அடிகள் கொண்டது அந்த நூல். யுகங்கள் எட்டையும் சொல்லி, குறோணி ஆறு துண்டானதைச் சொல்லி, அந்தத் துண்டங்களில் கடைசியானது கலியனாக வந்ததைச் சொல்லி, திருச்செந்தூர்க் கடலில் இருந்து வைகுண்டர் அவதரித்ததைச் சொல்லி, தர்மயுகத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறது.

இவ்வளவு பெரிய நூலை எழுதியவர் அதில் தம்மை எங்கே வைத்தார் என்பதைக் கவனிக்க வேண்டும். தம்மைப் புலவர் என்று அவர் பெருமை பேசவில்லை. தாம் எளியவர், சொன்னவர் அய்யா, எழுதியது மட்டுமே தம் கை என்ற நிலையிலேயே நிற்கிறார். ஆனால் அதற்காகத் தம்மை முழுவதும் மறைத்துக்கொள்ளவும் இல்லை. எந்த நாள், எந்தக் கிழமை, என்ன நடந்தது என்று சாட்சியாக நின்று சொல்கிறார். பெயர் சொல்லாமல் ஓடி ஒளிவது ஒரு வகை. பெயருக்காகவே எழுதுவது ஒரு வகை. இவர் இரண்டிலும் சேராமல், சாட்சி சொல்கிறவனுக்கு எவ்வளவு பெயர் வேண்டுமோ அவ்வளவோடு நின்றார்.

பாரதக் கதையில் சகாதேவனைப் பற்றி ஊரில் சொல்லும் ஒரு சேதி உண்டு. நடந்ததும் நடப்பதும் நடக்கப்போவதும் அவனுக்குத் தெரியும். ஆனால் கேட்டால்தான் சொல்வான், கேளாமல் வாய் திறக்க மாட்டான் என்பார்கள். சகாதேவன் சீடரும் அப்படித்தான். சொல் என்று கட்டளை வந்த பிறகே அவர் எழுத்தாணியை எடுத்தார். திறமை உள்ளவன் பலரும் தவறுகிற இடம் இது. தனக்குத் தெரியும் என்பதைக் காட்டத் துடிக்கிற நேரத்தில் பாட்டு அய்யாவை விட்டு விலகிப் பாடுகிறவனைச் சுற்ற ஆரம்பித்துவிடும்.

எல்லாம் அய்யா என்றால் உழைப்பு எங்கே?

இங்கே ஒரு சந்தேகம் வரும். எல்லாம் அய்யா தந்தது என்றால் மனிதனின் உழைப்புக்கு மதிப்பே இல்லையா? விடிய விடிய ஏடு படித்துப் பழகியவனும், படிக்காமல் வந்து உட்கார்ந்தவனும் ஒன்றா?

இதற்குப் பதில் தென்னாட்டு மக்களின் கைத்தொழிலிலேயே இருக்கிறது. பனை தன் பாளையில் பதனீரை வைத்திருக்கிறது. அதை மனிதன் உண்டாக்கவில்லை. ஆனால் பனையேறி நாள் தவறாமல் ஏறி இறங்கிப் பாளையைச் சீவாவிட்டால் ஒரு சொட்டும் கலயத்தில் விழாது. கலயத்துக்கு உள்ளே சுண்ணாம்பு தடவ மறந்தால் பதனீர் புளித்துக் கள்ளாகிவிடும். பதனீரை நான் செய்தேன் என்று எந்தப் பனையேறியும் சொன்னதில்லை. பனையேறிக்கு இதில் பங்கில்லை என்று எந்தக் குடும்பமும் சொன்னதில்லை. மரமேறி மார்பு காய்த்தவனுக்குத் தெரியும், வேலை தன்னுடையது, ஊற்று தன்னுடையது அல்ல என்று.

திறமையும் அப்படியே. ஊற்று அய்யாவுடையது. ஏறுவதும் சீவுவதும் மனிதனுடையது. சுண்ணாம்பு தடவுவது போன்ற ஒரு காவலும் மனதுக்குத் தேவை. அந்தக் காவல் இல்லாவிட்டால் இனிக்க வேண்டியது வெறியாக மாறும். ஒருவனின் குரலே அவனுக்குப் போதையாகிப்போன கதையை எந்த ஊரில் கேட்டாலும் சொல்வார்கள். ஆகவே நண்பனின் உழைப்பைப் பாராட்டலாம். பாராட்டவும் வேண்டும். ஊற்று அவனுடையது என்று சொல்லும்போதுதான் பாராட்டு தவறாகிறது. அது அவனுக்கும் நல்லதல்ல, சொல்கிறவனுக்கும் நல்லதல்ல.

பெயர் தெரியாத கைகள்

அகிலத்திரட்டு ஓலையில் எழுதப்பட்ட நூல். அது அச்சில் வந்தது 1939இல். அப்படியானால் ஏறக்குறைய 100 ஆண்டுகள் அது ஓலையிலேயே வாழ்ந்தது. ஓலைக்கு ஆயுள் உண்டு. செல்லரிக்கும், ஈரம் படும், ஓரம் ஒடியும். ஒரு சுவடி நலிவதற்குள் இன்னொரு சுவடி எழுதியாக வேண்டும். அதற்கு ஓலையைத் தேர்ந்து, பதப்படுத்தி, ஒரே அளவாக நறுக்கி, துளையிட்டு, எழுத்தாணியால் கீறி, மை தடவி, கயிறு கோத்துக் கட்ட வேண்டும். அந்தக் காலத்து ஓலையில் புள்ளி வைத்து எழுதும் வழக்கம் பெரும்பாலும் இல்லை. படித்தவன் வாய்விட்டு வாசித்துப் பொருள் பிரித்துத்தான் அடுத்த அடியை எழுத முடியும். 15,000க்கும் மேற்பட்ட அடிகளை இப்படிக் கீறியவர்களின் கண்ணும் விரலும் என்ன பாடு பட்டிருக்கும்!

அவர்களில் பெரும்பாலோரின் பெயரை இன்று யாரும் சொல்வதில்லை. அகிலத்தை அருளியவர் அய்யா, எழுதியவர் அரிகோபாலன் சீடர் என்பது பிள்ளைகளுக்கும் தெரியும். அதைப் பகர்த்துப் பகர்த்துக் காத்தவர் யார்? பகல் முழுவதும் வயலிலும் பனையிலும் வேலை செய்துவிட்டு விளக்கு வெளிச்சத்தில் குனிந்து உட்கார்ந்த யாரோ சிலர். அரிகோபாலன் சீடரைக் கொண்டாடியவர்கள் உண்மையில் அவர்கள்தான். அவருக்குப் பொன்னாடை போர்த்தவில்லை. மேடையில் ஏற்றிப் பேசவில்லை. அவர் எழுதியதைத் தங்கள் கையால் திரும்ப எழுதினார்கள். திறமை உள்ள ஒருவனை மதிப்பதற்கு இதைவிடப் பெரிய வழி எது?

இதே முறையை அய்யாவின் காலத்து மற்றவர்களிடமும் பார்க்கலாம். வாகைப்பதியில் கடலோரம் துவையல் தவசு இருந்த 700 குடும்பத்தார் எல்லோரும் பாட்டு எழுதியவர்கள் அல்ல. தினமும் நீராடி, துணி துவைத்து, ஒருவேளை உண்டு, நோயையும் பசியையும் தாங்கி நின்றார்கள். ஆள் தீண்டினால் தீட்டு என்று ஒதுக்கப்பட்டவர்கள், தலைப்பாகை கட்ட உரிமை மறுக்கப்பட்டவர்கள், சுத்தமும் தன்மானமும் எங்களுக்கும் உண்டு என்று உடம்பால் எழுதிக் காட்டினார்கள். அதுவும் ஒரு படைப்பே. திருவிதாங்கூர் மன்னனுக்கு முன் அய்யாவுக்காக எடுத்துப் பேசியவர் பூவண்டர். அவர் வேறு சாதியில் பிறந்தவர். பேசினால் தமக்கு ஆபத்து என்று தெரிந்தும் பேசினார். ஒருவர் எழுதினார், ஒருவர் பேசினார், பலர் துவைத்தார்கள், பலர் பகர்த்தார்கள். இதில் எது உயர்ந்தது, எது தாழ்ந்தது என்று தராசு பிடிக்க யாருக்கு உரிமை?

நண்பனிடம் வரும் பொறாமை

அடுத்த ஊர்க்காரன் நன்றாகப் பாடினால் பொறாமை வருவதில்லை. சினிமாவில் பாடுகிறவன் மேல் யாருக்கும் பொறாமை இல்லை. கூட விளையாடியவன், ஒரே திண்ணையில் படுத்து வளர்ந்தவன், தன்னைப் போலவே பத்தாம் வகுப்போடு நின்றவன், அவன் பாடும்போதுதான் நெஞ்சில் சிறு முள் குத்துகிறது. அவனுக்கு மட்டும் ஏன் அய்யா கொடுத்தார் என்ற கேள்வி வருகிறது. நண்பன் துன்பப்படும்போது கூட நின்று அழுவது எளிது. அவன் உயரும்போது கூட நின்று மகிழ்வதுதான் கடினம். வள்ளுவர் நட்புக்குத் தனி அதிகாரம் வைத்தார், பொறாமை கூடாது என்பதற்கும் தனி அதிகாரம் வைத்தார். வாழ்க்கையில் அந்த இரண்டு அதிகாரமும் ஒரே ஆளின் மேல் வந்து இறங்கும்போதுதான் சோதனை.

கலியன் இப்போது கொம்பும் கோரைப்பல்லுமாக வருவதில்லை. மாயையாக மனதுக்குள் இருக்கிறான் என்பதே அய்யாவழி நம்பிக்கை. சாமிதோப்பில் எட்டாம் திருவிழா அன்று அய்யா குதிரை வாகனத்தில் கலிவேட்டைக்குப் புறப்படுவதைக் காண ஆயிரமாயிரமாக மக்கள் கூடுகிறார்கள். முத்திரிக்கிணற்றின் கரையில் நடக்கும் அந்த வேட்டையைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வருகிறவன், தன் நெஞ்சுக்குள்ளே நண்பனைப் பார்த்துப் பொருமும் கலியை விட்டுவைத்தால் அந்த வேட்டை அவனளவில் முடியவில்லை என்றே பொருள்.

ஒரு தாங்கலில் நடந்தது

தென்பகுதியில் ஒரு நிழல் தாங்கல். அங்கே இரு தோழர்கள். ஒருவர் கொத்தனார். ஏடு வாசிப்பதும் அவரே, வாகனம் சோடிப்பதும் அவரே. மூங்கிலும் துணியும் காகிதமும் கொண்டு அவர் செய்த தொட்டில் வாகனத்தைப் பார்க்கப் பக்கத்து ஊரில் இருந்தும் ஆள் வரும். இன்னொருவர் டீக்கடை வைத்திருந்தவர். அவருக்குப் பாட்டு வராது. உம்பான் சோறு பொங்குவது, விளக்கு துலக்குவது, தண்ணீர் இறைப்பது அவர் வேலை. நாற்பது வருசமாக ஒருவர் ஏட்டின் முன்னும், ஒருவர் அடுப்பின் முன்னும்.

ஒரு வருசம் கொத்தனாருக்குத் தொண்டை கெட்டுப்போனது. வைத்தியம் பார்த்தும் பழைய குரல் திரும்பவில்லை. திருக்கல்யாண ஏடு வாசிக்கும் நாளில்தான் கூட்டம் அதிகம் வரும். வெளியூரில் இருந்து பேர்பெற்ற ஒருவரைக் கூட்டி வரலாம் என்று ஊரில் பேச்சு வந்தது. கொத்தனார் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். அப்போது டீக்கடைக்காரர் எழுந்து கேட்டார்:

"இவன் நாப்பது வருசமா வாசிச்சது கூட்டத்துக்கா, அய்யாவுக்கா? கூட்டத்துக்குன்னா ஆளக் கூட்டிக்கிட்டு வாங்கோ. அய்யாவுக்குன்னா, இவன்கிட்ட ஏடு படிச்ச பிள்ள ஒண்ணு உண்டுல்லா, அது வாசிக்கட்டு."

அந்தப் பிள்ளை பத்தாம் வகுப்பு படிக்கும் பெண். முதல் நாள் இரண்டு இடத்தில் தடுமாறினாள். கொத்தனார் பக்கத்தில் உட்கார்ந்து வரியில் விரல் வைத்துக் காட்டிக்கொண்டே வந்தார். திருக்கல்யாண நாளில் அவர் போட்ட அதே ராகம் இளங்குரலில் வந்தது. பெண்கள் குரவை இட்டார்கள்.

அன்று இரவு கொத்தனார் அடுப்படிக்கு வந்து பூசணிக்காய் நறுக்க உட்கார்ந்தார். சற்று நேரம் பேசாமல் இருந்தவர், தன் ராகத்தை இன்னொரு குரலில் கேட்டபோது உள்ளே கொஞ்சம் எரிந்தது என்றார். தோழர் சிரித்தார்.

"எரியது எனக்குத் தெரியாதாக்கும்? மொத பத்து வருசம் எனக்கும் எரிஞ்சுது. நீ ஏடு வாசிக்கும்போ நான் இங்கன ஊதுகுழலை வச்சிட்டு அழுதிருக்கேன். பொறவு ஒரு நாள் யோசிச்சேன். நீ பாடுகது இங்க வரைக்கும் கேக்குது. நான் பொங்குகதும் உனக்கும் சேத்துத்தான். பொறவு எரியல."

நாற்பது வருசத்தில் அவர் அதைச் சொன்னது அன்றுதான்.

அந்தத் தோழர் செய்ததைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். மேடையில் அவர் ஒரு நாளும் நண்பனைப் புகழ்ந்ததில்லை. ஆனால் நண்பனின் திறமை அவனோடு முடிந்துவிடாமல் பார்த்துக்கொண்டார். கூட்டத்துக்கா அய்யாவுக்கா என்ற கேள்வியை ஊருக்குக் கேட்டது போலவே நண்பனுக்கும் கேட்டார். அந்த நேரத்தில் அவர் ஆறுதல் மட்டும் சொல்லியிருந்தால் கொத்தனார் தன் இழப்பையே நினைத்து உட்கார்ந்திருப்பார். தன் எரிச்சலையும் அவர் மறைக்கவில்லை. எரிந்தது என்று சொன்னதால் நண்பனும் தன் எரிச்சலைச் சுமந்துகொண்டு தனியே வீட்டுக்குப் போக வேண்டியதில்லை. பொறாமையே வராதவன் என்று யாரும் இல்லை. அது வந்த பிறகும் விறகை எடுத்து வைத்து, பொங்கி, பரிமாறுகிறவன் உண்டு. அய்யா அவனைத்தான் கையில் எடுக்கிறார்.

பணிவின் அடையாளம்

"எல்லாம் அய்யா செயல்" என்று சொல்வது எளிது. அப்படிச் சொல்லிக்கொண்டே துண்டை எதிர்பார்த்துக் கழுத்தை நீட்டுகிறவர்களும் உண்டு. துண்டை வேண்டாம் என்று தள்ளி, தள்ளியதையே பெருமையாகப் பேசுகிறவர்களும் உண்டு. அப்படியானால் உண்மையான பணிவை எப்படி அறிவது?

ஒரே ஒரு அடையாளம் பார்த்தால் போதும். தனக்குத் தெரிந்ததை அடுத்தவனுக்குச் சொல்லிக் கொடுக்கிறானா? திறமை தன்னுடையது என்று எண்ணுகிறவன் அதைப் பூட்டி வைப்பான். இரவல் பொருள் என்று எண்ணுகிறவன் கை மாற்றிக் கொடுப்பான். ஊற்று அய்யாவுடையது என்று நம்பினால், இன்னொரு கலயம் பக்கத்தில் வந்து நிற்பதில் என்ன நட்டம்? முத்திரிக்கிணற்றை அய்யா ஏற்படுத்தியபோது, இன்ன சாதி இறைக்கலாம், இன்ன சாதி இறைக்கக் கூடாது என்று அதற்கு வேலி போடவில்லை. பதினெட்டுச் சாதியும் ஒரே கிணற்றில் நீராடி, ஒன்றாய் இருந்து உண்டார்கள். ஆகவே அந்தக் கிணற்று நீரைத் தலையில் விட்டுக்கொள்கிறவன் தன் ராகத்துக்கும் தன் கைவேலைக்கும் வேலி போடுவது பொருந்தாது.

தோழனுக்கும் இதில் ஒரு கடமை உண்டு. நண்பனைக் கொண்டாட விரும்புகிறவன் அவனிடம் ஒரு பிள்ளையைக் கொண்டுபோய் விட வேண்டும். "இவனுக்கும் சொல்லிக் கொடு" என்று கேட்க வேண்டும். நண்பன் தவறாக வாசித்தால் கூட்டத்தில் சொல்லாமல் தனியே சொல்ல வேண்டும். பணிவிடைக்கு வரத் தாமதித்தால், பெரிய பாட்டுக்காரன் என்று விட்டுவிடாமல் கேட்க வேண்டும். அவன் வீட்டில் அடுப்பு எரிகிறதா என்றும் பார்க்க வேண்டும். தாங்கலில் எல்லோரையும் நெகிழவைக்கிறவன் வீட்டில் பசித்திருந்தால், அவனுக்குப் போர்த்திய துண்டு ஊருக்கு வெட்கம். அய்யா காணிக்கை வேண்டாம் என்றார். ஆனால் தர்மம் வேண்டாம் என்று ஒரு நாளும் சொல்லவில்லை. தாழ்ந்து கிடப்பவரைத் தூக்குவதே தர்மம் என்பது அவர் போதித்தது. திறமை உள்ளவனும் சில நாள் தாழ்ந்து கிடப்பான். அப்போது தூக்குகிற கைதான் தோழமை.

துண்டைப் பற்றிய பேச்சுக்கும் இப்போது பதில் சொல்லலாம். போர்த்துவதில் குற்றமில்லை. வாசித்தவருக்குப் போர்த்தும்போது பொங்கியவரையும், விளக்கு துலக்கியவரையும், முற்றம் பெருக்கிய அம்மையையும் கூட நிறுத்துவது நல்லது. அதற்கு இயலாவிட்டால் யாருக்கும் போர்த்தாமல் எல்லோருமாக அமர்ந்து உம்பான் சோறு உண்பது அதைவிட நல்லது.

கண்ணாடியில் தெரிவது

பள்ளியறையில் அய்யா கண்ணாடியை வைத்தார். இரு பக்கமும் விளக்கு. தலைப்பாகை கட்டி, நெற்றியில் திருநாமம் இட்டு முன்னே நிற்கிறவன் தன்னையே காண்கிறான். இறைவன் உனக்குள் இருக்கிறான், வெளியே தேடாதே என்பதே அதன் பாடம் என்று பெரியவர்கள் சொல்வார்கள். அது சரியே. ஆனால் இன்னொன்றும் உண்டு. உகப்படிப்பு நேரத்தில் அந்தக் கண்ணாடி முன் யாரும் தனியாக நிற்பதில்லை. பக்கத்தில் ஒருவன் நிற்கிறான். அவன் நெற்றியிலும் அதே நாமம், அவன் தலையிலும் அதே கட்டு. தன் முகத்தைப் பார்க்கும் அதே கண்ணாடியில் அவன் முகமும் தெரிகிறது.

பாடுகிற தோழனும் பாட வராத தோழனும் அந்தக் கண்ணாடியில் ஒரே அளவில்தான் தெரிகிறார்கள். அவன் குரலில் கேட்பதும், இவன் கையால் பொங்குவதும் ஒரே ஊற்று என்று அந்த நேரத்தில் புரிந்தால், பிறகு நண்பனைப் புகழ்வதற்கு அஞ்ச வேண்டியதில்லை. "நன்றாக வாசித்தாய், அய்யா உன்னை நன்றாக வைத்திருக்கட்டும்" என்று மனதாரச் சொல்லலாம். அதில் அய்யாவுக்கு உரியதும் குறையாது, நண்பனுக்கு உரியதும் குறையாது.

அரிகோபாலன் சீடர் எழுதினார். பெயர் தெரியாத தோழர்கள் பகர்த்தார்கள். இன்று கார்த்திகையில் சாமிதோப்பில் 17 நாளும் ஏடு விரியும்போது அந்த எல்லாக் கைகளும் சேர்ந்தே ஏட்டைப் பிடித்திருக்கின்றன. ஒவ்வொரு தாங்கலிலும் அப்படி ஒரு தோழர் இருப்பார். இந்த வாரப் பணிவிடைக்குப் போகும்போது அவர் அருகில் போய் உட்கார்ந்து, அவருக்குத் தெரிந்ததில் கொஞ்சம் கற்றுக்கொள்ளலாம். கற்றதை இன்னொரு பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கலாம்.

பொறுமையும் தர்மமும் தழைக்கட்டும்.

அய்யா உண்டு.